பாட்டியின் சமையல் நோட்டை ஜீனாக்கப் போகிறவருக்கு

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் இருந்த காலத்துச் சமையல் குறிப்புகள் ஒரு பழைய பள்ளி நோட்டில் இருக்கின்றன. பாதி பாட்டி கையெழுத்து, பாதி அம்மா கையெழுத்து. அதை ஜீனாக, கையால் செய்யும் சின்ன ஏடாக, போட வேண்டும், ஐம்பது பிரதி. கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கத் தெரியாது. எவ்வளவு செலவாகும், எப்படி மடிப்பது, எங்கே கொடுப்பது, சட்டத்தில் தொல்லை வருமா, தமிழில் போட்டால் யாராவது வாங்குவார்களா? இவைதான் கேள்விகள்.

நான் பினாங்கில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோஸ்டாட் கடையில் பதினாறு வருஷம் நின்றவன். ஆய்வேடு பைண்டிங், அடையாள அட்டை நகல், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் பார்த்தாயிற்று. கடை மூடிய பிறகு அதே மெஷினில் என் சொந்த ஏடுகளைப் போட்டுக்கொண்டேன், தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், சொல்லிவிட்டுத்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் பெயர்த் தொல்லை. 'ஜீன்' என்றால் எங்கள் வீட்டில் கால்சட்டை என்று நினைக்கிறார்கள். 'ஸீன்' என்று எழுதலாமென்றால், "ஸீன் போடுறான்" என்று பையன்கள் சிரிக்கிறார்கள். நான் ஜீன் என்றே எழுதுகிறேன், பெரியவர்களிடம் 'கையால் செய்த ஏடு' என்பேன். உடனே புரிந்துகொள்வார்கள். ஏனென்றால் சாமான் நமக்குப் புதிதில்லை. அமெரிக்காவில் அறிவியல் புனைகதை ரசிகர்கள் 1930-களில் தொடங்கினார்கள், 1970-களின் கடைசியில் லண்டன் பங்க் இசைப் பையன்கள் போட்டோஸ்டாட்டில் அடித்துப் பரப்பினார்கள் என்று வரலாறு சொல்வார்கள், அது சரிதான். ஆனால் கையெழுத்துப் பத்திரிகை என்ற சொல் நம்மிடம் எத்தனை காலமாக இருக்கிறது! ஒரே ஒரு பிரதி எழுதி, படம் வரைந்து, வீடு வீடாகச் சுற்றுக்கு விடுவார்கள். கடைசிப் பக்கத்தில் படித்தவர் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கருத்து எழுதுவார்கள். என் பெரியப்பா தோட்டத்தில் அப்படி ஒன்று நடத்தினார். பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கத்து யாழ்ப்பாணக் குடும்பங்களில் இறந்தவருக்கு நினைவு மலர் போட்டு, அந்தியேட்டிச் சடங்கன்று வந்தவர் கையில் கொடுப்பார்கள். படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், சொந்தக்காரர் எழுதிய வெண்பா எல்லாம் அதில் இருக்கும். அதை ஜீன் என்று யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

சரி, உங்கள் ஐம்பதுக்கு வருகிறேன். யாருக்கு ஐம்பது?

நான் முதலில் செய்த ஏட்டுக்கு அச்சகத்தில் கேட்டேன். இருநூறுக்குக் கீழே அடித்தால் கட்டாது என்றார்கள். இருநூறும் அடித்தேன். அறுபது போயிற்று. மிச்சம் நூற்று நாற்பதும் மைலோ பெட்டியில் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஒரு தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது திறந்தால், ராமபாணப் பூச்சி அட்டையை அரித்துத் தேசப்படம் மாதிரி ஆக்கியிருந்தது. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். தாளை மடிப்பதற்கு முன்னால், யார் யார் கையில் கொடுக்கப் போகிறேன் என்று பெயர் எழுதிவிடுவேன். பெரியம்மா, ஈப்போ சித்தி, பழைய தமிழ் டீச்சர், மார்க்கெட்டில் கருவாடு விற்கும் அண்ணன், இப்படி. பெயர் முப்பது வந்தால் பிரதி நாற்பது. மேலே பத்து, தெரியாதவர்களுக்கு. தீர்ந்தால் மறுபடி அடிக்கலாம், போட்டோஸ்டாட்டின் பெரிய வசதியே அதுதானே. மாஸ்டர் பிரதி, அதாவது நகலெடுக்கும் மூலம், கையில் இருந்தால் போதும்.

அந்தப் பட்டியல் பிரதி எண்ணிக்கைக்கு மட்டுமில்லை. அளவு, எழுத்து, விலை, எங்கே கொடுப்பது என்பது வரை அதுவே சொல்லிவிடும். பட்டியலில் எழுபது வயதுக்காரர்கள் நிறைய இருந்தால், சட்டைப்பையில் போகிற குட்டி ஏடு செய்து பயனில்லை.

குட்டி ஏடு என்றதும் அதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பழக அதுவே நல்லது, ஒரே ஒரு ஏ4 தாள் போதும். தாளைப் படுக்கையாக வைத்து, மேல்பாதி கீழ்ப்பாதியின்மேல் விழ ஒரு மடி, பிறகு குறுக்கே பாதியாக, மறுபடி பாதியாக இரண்டு மடி மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். மேல் வரிசையில் நான்கு, கீழ் வரிசையில் நான்கு. நட்ட நடுவில், நடு இரண்டு கட்ட நீளத்துக்கு மட்டும், படுக்கை மடிப்பில் ஒரு வெட்டு. பிறகு நீளவாக்கில் மடித்து இரண்டு பக்கமும் பிடித்து உள்ளே தள்ளினால் வெட்டு வாய் திறந்து, தானே எட்டுப் பக்கப் புத்தகமாகிவிடும். பின் வேண்டாம், பசை வேண்டாம். கீழ் வரிசை நேராக, இடமிருந்து வலம் 6, 7, பின்னட்டை, முன்னட்டை. மேல் வரிசை தலைகீழாக, இடமிருந்து வலம் 5, 4, 3, 2. இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். வெள்ளைத் தாளை மடித்து ஒவ்வொரு பக்கத்திலும் எண் போட்டுப் பிரித்துப் பாருங்கள், அதுவே காட்டும். அச்சகக்காரர்கள் இதை டம்மி என்பார்கள்.

ஒரு பக்கம் 74 க்கு 105 மில்லிமீட்டர். ஒரு ரசத்துக்குப் போதும். உங்கள் நோட்டு முழுக்க அடங்காது. உங்களுக்கு ஏ5 அளவுதான், அதாவது ஏ4 தாளைப் பாதியாக மடித்தது.

இனி மூலப் பிரதி. நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது.

தமிழ் எழுத்தைப் போட்டோஸ்டாட் மெஷின் தின்னும். முதலில் தின்பது புள்ளியை. பென்சிலாலோ வெளிறிய நீலப் பேனாவாலோ எழுதியிருந்தால் எழுத்து விழும், புள்ளி விழாது. என் ஏடு ஒன்றில் ஒரு பக்கம் முழுக்க மெய்யெழுத்தெல்லாம் உயிர்மெய் ஆகிவிட்டது. 'பால்' பால ஆயிற்று, 'கல்' கல ஆயிற்று. ஒரு தமிழாசிரியர் அதைப் படித்துவிட்டு, "என்னப்பா, ஓலைச்சுவடி மாதிரி இருக்கு" என்றார். உண்மைதான், ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று வைக்காமல் விடுவார்கள். அவர்களுக்கு எழுத்தாணி, எனக்கு டோனர் என்கிற மெஷின் மைத்தூள். ஆகவே கையால் எழுதுவதென்றால் கறுப்பு ஜெல் பேனா, 0.5 அல்லது 0.7 முனை. புள்ளியை வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாக, எழுத்திலிருந்து விலக்கி வையுங்கள். 'ஈ' யின் புள்ளிகளுக்கும் இதே கதிதான்.

பாட்டி நோட்டில் இன்னொன்று இருக்கும். மஞ்சள் கறை, எண்ணெய்க் கறை. மெஷினில் மூன்று விதமாக எடுக்கலாம், எழுத்து மட்டும், படம் மட்டும், இரண்டும் கலந்தது. எழுத்து முறையில் வைத்தால் கறை மறைந்து எழுத்து கன்னங்கரேல் என்று வரும், பென்சில் வரி போய்விடும். படம் முறையில் வைத்தால் வெளிறிய எழுத்தும் வரும், ஆனால் மஞ்சள் கறை சாம்பல் நிற மேகமாகப் பரவி நிற்கும். ஒரே பக்கத்தை இரண்டு முறையிலும் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், கறை இருக்கட்டும். சாம்பார்ப் பக்கத்தில் மஞ்சள் கறை இல்லாமல் போனால்தான் விசித்திரம்.

பாட்டி எழுத்தை உங்கள் பட்டியலில் இருக்கும் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாமல் போகலாம். 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. பிறகு இங்கேயும் பள்ளிக்கூடங்களில் புது வடிவமே வழக்கமானது. அதற்கு முன் படித்தவர்கள் லை, னை, ணை எழுதினால் மேலே யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். றா, னா, ணா மூன்றும் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சுருண்டிருக்கும். அதை மாற்றி எழுதிவிடாதீர்கள். கையெழுத்துப் பக்கத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டி, அதற்குக் கீழே இன்றைய எழுத்தில் எழுதுங்கள். அளவையும் அங்கேயே குறியுங்கள். 'கருவாடு அரைக் கட்டி' என்றிருந்தால் இன்றைய பிள்ளை திகைக்கும். ஒரு கட்டி ஏறக்குறைய 600 கிராம், அரைக் கட்டி 300. 'ஒரு மங்கு புளித்தண்ணி' என்று எழுதியிருந்தால் எந்த மங்கு என்று பாட்டியிடமே கேளுங்கள். சாப்பாட்டு மங்கா, பால்மரத்தில் பால் பிடிக்கும் மங்கா? அந்தப் பதில் ஒரு பக்கத்துக்கு வரும், குறிப்பைவிட அது நன்றாக இருந்தாலும் இருக்கும்.

ஒட்டுவதற்குக் குச்சிப் பசை போதும். தண்ணிப் பசை வேண்டாம், நம் ஊர்க் காற்றில் தாள் நெளிந்துவிடும். வெட்டி ஒட்டிய துண்டின் விளிம்பு நகலில் மெல்லிய கறுப்புக் கோடாக விழும். பயப்படாதீர்கள். முதல் நகல் எடுத்து, அந்த நகலில் உள்ள கோடுகளையும் அழுக்குப் புள்ளிகளையும் வெள்ளை மையால் தொட்டு அழித்தால் அதுதான் மாஸ்டர். அழிக்கும்போது மெய்யெழுத்துப் புள்ளியை அழித்துவிட வேண்டாம், நான் செய்திருக்கிறேன். எல்லாப் பிரதியும் மாஸ்டரிலிருந்தே எடுங்கள். நகலிலிருந்து நகல், அதிலிருந்து நகல் என்று போனால் நான்காவது தடவையில் 'ழ' வயிறு அடைத்துக்கொள்ளும். நான்கு பக்கமும் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் வெற்றிடம் விடுங்கள். தாளின் ஓரத்தில் நான்கைந்து மில்லிமீட்டர் வரை மெஷின் அச்சடிக்காது. நீங்கள் வரையும் கோலம் ஓரம் வரை போனால் வெட்டுப்பட்டுதான் வரும்.

கம்ப்யூட்டர் தெரியாது என்பது குறையில்லை. தெரிந்தவர்கள் வேறு விதமாக மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டில் அழகாகத் தட்டச்சு செய்து கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவருவார்கள். கடைக் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இருக்காது, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போய்விடும். யாராவது உங்களுக்குத் தட்டச்சு செய்து கொடுத்தால் பிடிஎஃப் ஆக்கி வாங்குங்கள், எழுத்துரு அதற்குள்ளேயே உட்கார்ந்துவிடும். இன்னொன்று, ஏ5 பக்கத்தில் இரண்டு ஓரமும் சமமாக வரும்படி வரியை இழுக்கச் சொல்லாதீர்கள். நம் சொற்கள் நீளம். 'வதக்கிக்கொண்டிருக்கும்போது' என்று ஒரு சொல் வந்தால் மேல் வரியில் பல் விழுந்த மாதிரி இடைவெளி விழும். இடப்பக்கம் மட்டும் நேராக இருக்கட்டும். ஆப்பிள் கருவிகளில் தமிழ் எழுத்துருப் பெயரில் 'எம்என்' என்று பார்த்திருப்பீர்கள், அது முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைச் செய்த நம் ஊர் முத்து நெடுமாறனின் முதலெழுத்துகள். ஒவ்வொரு முறை அந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போதும் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

பக்க வரிசைக்குப் பயப்பட வேண்டாம். உள்பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். உங்களுக்குப் பதினாறு என்று வைத்துக்கொள்வோம், நான்கு ஏ4 தாள். தாளின் ஒரு முகத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வர வேண்டும். 16-ம் 1-ம், அதன் முதுகில் 2-ம் 15-ம், அடுத்த தாளில் 14-ம் 3-ம், அதன் முதுகில் 4-ம் 13-ம், இப்படி. கூட்டிப் பார்த்து 17 வராவிட்டால் அங்கே தப்பு. இருபது பக்கம் என்றால் 21. முதலில் ஒரே ஒரு பிரதி அடித்து மடித்துப் புரட்டிப் பாருங்கள். நாற்பதும் அடித்த பிறகு ஏழாம் பக்கம் தலைகீழாக இருப்பதைக் கண்டுபிடிக்கும் வேதனை எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் அடிக்கும்போது, குறுகிய ஓரத்தில் புரட்டும்படி வைக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு பொத்தானில்தான் பாதிப்பேர் தவறுகிறார்கள்.

தாள் சாதாரண 80 கிராம் (சதுர மீட்டருக்கு) போதும். அட்டைக்கு 160 கிராம் கலர்த் தாள் வாங்கிக் கறுப்பு மையில் அடித்தால் கலர் அச்சுச் செலவே இல்லை. தாள் கட்டை வாங்கியதும் பிரித்துப் போடாதீர்கள். மழைக்காலத்தில் திறந்து கிடந்த தாள் ஈரம் குடித்து மெஷினில் சிக்கும், மடித்தால் அலையடிக்கும்.

கோலாலம்பூரில் ரிசோ அச்சு செய்து தரும் சின்ன ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் தேர்வுத்தாள் அடிப்பார்களே, அதே வகை மெஷின்தான், அந்தக் காலத்துச் சைக்ளோஸ்டைலின் பேரன். நிறத்துக்கு ஒரு உருளை. இளஞ்சிவப்பும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் கண் கொள்ளாது. நாற்பது பிரதிக்குத் தேவையில்லை. அட்டைக்கு மட்டும் ஆசைப்பட்டால் செய்யலாம்.

செலவு. எங்கள் பக்கத்துக் கடை விலைக்குச் சொல்கிறேன். கறுப்பு வெள்ளை ஒரு முகத்துக்குப் பத்து காசு, நான்கு தாளுக்கு எட்டு முகம், எண்பது காசு. அட்டைத் தாளும் அச்சும் ஐம்பது காசு. ஆக ஒரு பிரதி ஒரு வெள்ளி (ரிங்கிட்) முப்பது காசு. நாற்பது பிரதிக்கு 52 வெள்ளி. கோலாலம்பூரில் கூடக் கேட்கலாம். கல்லூரிப் பக்கத்துக் கடைகளில் விசாரியுங்கள், போட்டி இருப்பதால் மலிவாக இருக்கும். திங்கள் காலையில் போகாதீர்கள், மாணவர் கூட்டம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போனால் ஆள் நின்று பொறுமையாக எடுத்துத் தருவார்.

கட்டுவது என் பிரியமான வேலை. சாதாரண ஸ்டேப்ளர் நடு மடிப்பு வரை எட்டாது, நீளக் கை ஸ்டேப்ளர் வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. தடித்த அட்டைப்பெட்டித் துண்டின்மேல் ஏட்டை விரித்துக் கவிழ்த்து வைத்து, ஸ்டேப்ளர் வாயை முழுக்கப் பிளந்து, முதுகு மடிப்பின்மேல் அழுத்துங்கள். ஸ்டேப்ளர் பின் அந்த அட்டைப்பெட்டித் துண்டில் குத்தி நிற்கும். மெதுவாக ஏட்டைத் தூக்கி, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு காலையும் கரண்டிக் காம்பால் மடித்துவிட்டால் முடிந்தது.

ஆனால் சமையல் ஏட்டுக்கு நான் தையல்தான் போடுவேன். அடுப்படியில் கிடக்கப்போகிற சாமான், நம் ஊர் ஈரத்தில் பின் இரண்டே வருஷத்தில் துருப்பிடித்துப் பழுப்புக் கறை விடும். நூல் எது? பினாங்கு லிட்டில் இந்தியாவில், குயின் தெரு மாரியம்மன் கோயில் பக்கம், பூக்கடைக்காரர்கள் சரம் கட்டும் நூல்கண்டு வைத்திருப்பார்கள். அந்த மாதிரிப் பருத்தி நூலை இரட்டையாக எடுத்து மெழுகுவத்தியில் ஒரு இழு இழுத்துக்கொள்ளுங்கள். நடு மடிப்பில் மூன்று துளை, நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொன்று. தாள்களைச் சேர்த்துப் பிடித்து ஊசியால் முதலிலேயே குத்திக்கொள்ள வேண்டும். உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே வாருங்கள், நூல் வாலை உள்ளே நான்கு விரற்கடை விடுங்கள். வெளியிலிருந்து மேல் துளை வழியாக உள்ளே. உள்பக்கமாகவே நடுவைத் தாண்டிக் கீழே போய், கீழ்த் துளை வழியாக வெளியே. மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே. இப்போது உள்ளே ஒரு நீள நூல் மேலிருந்து கீழே ஓடும். வால் ஒன்று அதன் இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் வரும்படி வைத்து, அந்த நீள நூலையும் சேர்த்து இரட்டை முடிச்சு. முதல் பிரதிக்குப் பத்து நிமிஷம் ஆகும், பத்தாவது பிரதிக்கு இரண்டு நிமிஷம். என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கு முன்னால் முடித்துவிடுவார். பூக்கட்டிய கை.

மடிக்கும்போது விரல் நகத்தால் தேய்க்காதீர்கள், தாள் பளபளத்துப் போகும். கரண்டியின் முதுகு நல்லது. தாள்களை ஒன்றாகச் சேர்த்து மடித்தால் உள்தாள்கள் வெளியே பல் மாதிரி நீட்டும். நான்கு தாளுக்கு அது பெரிதாகத் தெரியாது. தெரிந்தால் இரும்பு ஸ்கேலும் பிளேடும் வைத்து ஒரு நறுக்கு.

சட்டம். பயமுறுத்த இல்லை, தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி இங்கே அச்சிட்டு வெளியிடுகிற எதிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வீட்டு முகவரி போடத் தயக்கமாக இருந்தால், தெரிந்த சங்கமோ வாசகர் வட்டமோ வெளியீட்டாளராக நிற்கச் சம்மதிக்குமா என்று கேளுங்கள். பொய் முகவரி மட்டும் வேண்டாம். அதே சட்டம் தொடர்ந்து வரும் பத்திரிகை, காமிக்ஸ் போன்றவற்றுக்கு உள்துறை அமைச்சின் அனுமதி கேட்கிறது. விலைக்கானாலும் இலவசமானாலும், ஒழுங்கான இடைவெளியில் வந்தாலும் வராவிட்டாலும் அது பொருந்தும். ஆகவே அட்டையில் ஆசைக்காக 'மலர் 1, இதழ் 1' என்று போடாதீர்கள், நம் ஆட்களுக்கு அந்த ஆசை ரொம்ப உண்டு. ஒரு தனிப் புத்தகமாக, தனித் தலைப்போடு இருக்கட்டும். நூல் ஒப்படைப்புச் சட்டம் என்று 1986-இல் வந்தது ஒன்றும் இருக்கிறது. இங்கே வெளியாகும் அச்சு நூல்களில் ஐந்து பிரதி தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். நாற்பதில் ஐந்து போவது கை வலிக்கத்தான் செய்யும். ஆனால் பாட்டியின் நெத்திலிக் குழம்பு கோலாலம்பூர் துன் ரசாக் சாலையில், தேசிய நூலகத்து அலமாரியில் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சட்டத்துக்கு முன்னால் வீட்டு அனுமதி. நோட்டில் சித்தி கொடுத்த குறிப்பு இருந்தால் சித்தியிடம் ஒரு வார்த்தை. பழைய படங்களில் இருப்பவர்களிடமும் கேளுங்கள். ஒரு குடும்பத்தில் இறால் சம்பால் யாருடையது என்று இரண்டு வருஷம் பேச்சு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி கொடுப்பது.

பட்டியலில் உள்ளவர்களுக்கு நேரில் கொடுங்கள். சும்மா நீட்டாமல், அவர்கள் பெயரை முதல் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பெயர் எழுதிய ஏட்டை யாரும் பழைய பேப்பரோடு போடமாட்டார்கள். தமிழில் இதற்கு முன்னோடி உண்டு. 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா, போட்ட புத்தகங்களை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய்க் கொடுத்தவர். நமக்கு நாற்பது பிரதிக்கு ஒரு துணிப்பை போதும்.

பெரிய கூட்டத்தில் விநியோகிக்கலாம் என்று தோன்றும். நானும் செய்தேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் வழியில், ஒரு தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் நின்று எண்பது குட்டி ஏடு கொடுத்தேன். எல்லாரும் வாங்கினார்கள், கும்பிட்டு வாங்கினவர்களும் உண்டு. ராத்திரி திரும்பி வரும்போது தேங்காய்ச் சில்லுக்கும் மோர்க் கோப்பைக்கும் நடுவே என் அட்டைப்படத்தை நானே மிதித்தேன். காவடி பார்க்க வந்தவர் கையில் புத்தகத்தைத் திணித்தால் அவர் என்ன செய்வார்? தப்பு என்னுடையது. அதைவிடக் கல்யாணம் நல்ல இடம். தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு எட்டுப் பக்கக் குட்டி ஏடு போட்டால் வீடு வரை போகும், பையைப் பிரிக்கும்போது உட்கார்ந்து படிப்பார்கள். உங்கள் சொந்தத்தில் கல்யாணம் வந்தால் இரண்டு குறிப்பு மட்டும் வைத்து ஒரு குட்டிப் பதிப்புப் போடுங்கள்.

அந்த மேல் பத்துப் பிரதிக்கு வெளியிடங்கள் இருக்கின்றன. கோலாலம்பூரில் கம்போங் அத்தாப்பிலுள்ள சோங்ஷான் கட்டடத்துக்கு ஒரு சனிக்கிழமை போய்வாருங்கள். இசைத்தட்டுக் கடை, சின்ன நூலகம், இந்நாட்டு வடிவமைப்பு வரலாற்றைச் சேகரிக்கும் மலேசியா டிசைன் ஆர்கைவ் எல்லாம் இருந்த இடம். ஜீன் செய்பவர்களும் புழங்கும் இடம் அது. கோலாலம்பூர் ஆர்ட் புக் ஃபேர் நடக்கும்போது மேசை கிடைக்குமா என்று கேட்கலாம், தனியாக முடியாவிட்டால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு மேசை. பினாங்கில் ஹின் பஸ் டிப்போவின் ஞாயிறு சந்தை இருக்கிறது. சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன, அங்கே விற்பதைவிட மாற்றிக்கொள்வது நடக்கும். புத்தகக் கடையில் வைத்தால் விற்ற பிறகு காசு, அதில் முப்பது நாற்பது விழுக்காடு அவர்கள் எடுப்பார்கள். அதனால் விலையை ஐந்து வெள்ளி என்று வையுங்கள். கடை பங்கு போக உங்களுக்கு மூன்று வெள்ளி வரும், அடக்கமும் அடுத்த பதிப்பின் தாள் காசும் அதில் இருக்கிறது.

ஜீன் மேசைகளில் ஒரு வழக்கம் உண்டு. உன்னுடையதைக் கொடு, என்னுடையதை எடு. மலாய்ப் பையன் பூனைப் படம் வரைந்தது, சீனப் பெண் பஸ் டிக்கெட்டுகளை ஒட்டிச் செய்தது என்று வீட்டுக்கு ஒரு பை நிறைய வரும். எனக்குப் பணத்தைவிட அதுதான் பிடிக்கும்.

அந்த மேசையில்தான் உங்கள் கடைசிக் கேள்வியும் வரும். தமிழில் போட்டால் யார் வாங்குவார்கள்? நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, படித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் உங்கள் பட்டியலிலேயே பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத அண்ணன் பிள்ளைகள் நாலு பேர் இருப்பார்கள், இல்லையா? அவர்களுக்காக ஏட்டை மலாயிலோ ஆங்கிலத்திலோ மாற்றிவிடாதீர்கள். ஒரு அரைத் தாளில் பதார்த்தத்தின் பெயரும் சாமான் பட்டியலும் மலாயில் எழுதி மடித்து உள்ளே செருகுங்கள். மேசையில் நிற்கும் மலாய், சீன வாசகருக்கும் அந்தச் சீட்டு உதவும். நான் பார்த்தவரை அவர்கள் தமிழ் எழுத்தைப் பார்த்து விலகுவதில்லை, 'ஞ'வைக் காட்டி இது என்ன எழுத்து என்று கேட்பார்கள். விலகுகிறவர்கள் நம் ஆட்கள்தான், "எனக்குத் தமிழ் தெரியாதுலா" என்று கூச்சத்தோடு கீழே வைத்துவிடுவார்கள். அவர்களிடம் சீட்டை எடுத்துக் காட்டுங்கள். பாட்டி பேரைச் சொல்லி, எந்தத் தோட்டம் என்று சொல்லுங்கள். "எங்க தாத்தாவும் அந்தப் பக்கந்தான்" என்று ஒருவராவது சொல்லாமல் போகமாட்டார்.

மாஸ்டர் தாள்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு, மருந்துக் குப்பியில் வரும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு பீரோவில் வையுங்கள். மைலோ பெட்டியில் வேண்டாம்.

பாட்டி இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். பட்டியலில் முதல் பெயர் அவருடையதாக இருந்தால் அவருக்கு ஏ5 சின்ன எழுத்து. கடையில் மாஸ்டரைக் கொடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் 141 விழுக்காடு பெரிதாக்கச் சொல்லுங்கள், ஏ5 அப்படியே ஏ4 ஆகிவிடும். 141, அந்த எண்ணை மட்டும் சொன்னால் கடைக்காரருக்குப் புரியும். தாளின் ஒரு முகத்தில் மட்டும் அடித்து, இடப்பக்கம் இரண்டு துளை போட்டு அதே பூ நூலில் கட்டிக் கொடுங்கள்.

புள்ளி எல்லாம் விழுந்திருக்கிறதா என்று அவர் பார்த்துச் சொல்வார்.